வீட்டு எண்ணும் தொழில் எண்ணும்

சேலம், நாமக்கல் பக்கம் தொழிலும் வீடும் ஒரே கூரைக்குள் இருப்பவை. கோழிப்பண்ணைக்காரர் பல பேருக்குப் பண்ணையை ஒட்டியேதான் வீடு. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள்தான் அதிகம். செவ்வாய்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் போனால் கொலுசு வேலை வீட்டு முன்னறையிலேயே நடப்பதைப் பார்க்கலாம். திருச்செங்கோட்டு ரிக் முதலாளிக்கு வண்டி மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கும். ஆபீஸ் அவர் வீட்டுக் கட்டிலில் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் போன்தான் கடை, போன்தான் ஆபீஸ்.

ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைப்பது என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். அதற்கு ஒரு கட்டுரையா என்று நினைப்பீர்கள். லாரி புக்கிங் ஆபீஸில் வாழ்நாளைக் கழித்தவன் நான். தொழிலையும் குடும்பத்தையும் குழப்பிக்கொண்டு இரண்டிலும் நிம்மதி இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் அளவாகப் பிரித்து வைத்துத் தழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரிவினை இன்று போனுக்குள் வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் நாமக்கல் புக்கிங் ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு லெட்ஜர், ஒரு கறுப்பு டெலிபோன். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் கூடுதல் பணத்துக்கு அர்ஜென்ட் கால், அதற்கும் மேலே லைட்னிங் கால். கல்கத்தாவுக்குப் போன வண்டி போய்ச் சேர்ந்ததா என்று தெரிய நாள் கணக்கில் ஆகும். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. வழியில் மஞ்சள் போர்டு கண்ட இடத்தில் டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆபீஸுக்கு ஒரு போன் போட்டார்கள். நாமக்கல்லுக்கு 04286 என்ற எண்ணைச் சுழற்றினால் எங்கள் மேசையில் மணி அடிக்கும். இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டினால் அந்த டெலிபோனும் உள்ளே பூட்டிக் கிடக்கும். முதலாளி வீட்டுக்குப் போய்க் குளித்தார், சாப்பிட்டார், பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்ததைக் கேட்டார்.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வண்டி கவிழ்ந்து டிரைவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சேதி இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு எட்டிய கொடுமையெல்லாம் அப்போதுதான் நடந்தது. ஆனால் வேலை முடிகிற நேரம் என்று ஒன்று அன்றைக்கு இருந்தது. அதை நாம் இழந்துவிட்டோம்.

இழந்தது ஒரே நாளில் அல்ல. 1995 ஜூலை 31-ல் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அதன்பின் பல ஆண்டுகள் நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் எல்லாரும் அளந்து பேசினார்கள். காசு குறையக் குறையப் பேச்சு கூடியது. 2009-ல் ஜேன் கூம், பிரையன் ஆக்டன் என்ற இருவர் தொடங்கிய வாட்ஸ்அப்பை 2014-ல் பேஸ்புக் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, நம் ஊரில் அதை மாணவர்கள் விளையாட்டு என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். 2018 ஏப்ரலில் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானதும் நிலைமை மாறிப்போயிற்று. பில் போனில் வந்தால்தான் வண்டி நகரும். எடைச் சீட்டு, டெலிவரி ரசீது, டிரைவரின் லொகேஷன், டீசல் பில், டயர் வெடித்த படம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். லாரித் தொழில் மொத்தமும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

முட்டையும் அப்படியே. பி.வி.ராவ் முயற்சியில் 1982-ல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது நம்மவர் சொல்லும் என்.இ.சி.சி., நாமக்கல் மண்டலத்துக்கு விலை அறிவித்ததும் அது பண்ணையாளர் குரூப்புகளில் பரவிவிடும். முட்டைக்கு 5 பைசா ஏற்ற இறக்கம் என்றாலும் லட்சம் முட்டை எடுக்கிற பண்ணைக்கு அது ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். போனைப் பார்க்காமல் இருந்துவிட முடியுமா?

இத்தனையும் வருகிற அதே எண்ணில்தான் மச்சினன் மகள் வளைகாப்புப் படமும் வருகிறது. பள்ளிக்கூட வகுப்பு குரூப்பும் அதே எண்ணில். ஊர்க் கோயில் திருவிழா குரூப்பும், பங்காளிகள் குரூப்பும், அம்மாவின் வாய்ஸ் மெசேஜும் அதிலேயே. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மேலே இருப்பது மட்டும் கண்ணில் படுகிறது, கீழே போனது போனதுதான்.

இதில் நடக்கிற தவறுகள் சின்னவை அல்ல. என்.இ.சி.சி. விலையிலிருந்து வியாபாரி கழித்துக்கொண்டு வாங்குவதை இங்கே மைனஸ் என்பார்கள். ஒரு பண்ணைக்குப் பேசிய மைனஸை இன்னொரு பண்ணைக்காரர் இருக்கிற குரூப்பில் போட்டுவிட்டால் அந்த வியாபாரியின் நாணயம் அன்றோடு போயிற்று. அழித்துவிடலாமே என்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாருக்கும் அழிக்கும் வசதி 2017-லேயே வந்துவிட்டது; இன்று இரண்டு நாளுக்கு மேலும் அவகாசம் தருகிறார்கள். ஆனால் பார்த்த கண்ணிலிருந்து அழிக்க யாரால் முடியும்? ஒரு சாவு வீட்டுச் சேதிக்குக் கீழே லோடு ரேட் போய் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் நல்ல மனிதர், கல் நெஞ்சக்காரர் அல்ல. ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாக இருந்தவர். அந்த வீட்டார் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மகள் கல்யாணப் படத்தை ஆசையாக டிபி வைக்கிறோம், பேரன் பிறந்தநாளை ஸ்டேட்டஸில் போடுகிறோம். நம் எண்ணைப் பதிந்து வைத்திருக்கும் ரெய்ப்பூர் ஏஜென்ட், நாக்பூர் மெக்கானிக், ஒரே ஒரு தடவை லோடு ஏற்றிய கம்பெனியின் குமாஸ்தா என எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள் என்று நினைப்பதே இல்லை.

இதற்கெல்லாம் வழியாகத்தான் இரண்டாவது கணக்கு வந்தது. வாட்ஸ்அப் கணக்கு என்பது ஓர் எண்ணோடு கட்டப்பட்டது. ஆகவே இரண்டு கணக்குக்கு இரண்டு எண் வேண்டும். இரட்டை சிம் போன் நம் ஊரில் சாதாரணம். ஷாவ்மி, சாம்சங் போன்ற நிறுவனங்கள் ஒரே செயலியை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளும் வசதியைத் தங்கள் போன்களிலேயே பல ஆண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டன. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் என்று தொழிலுக்குத் தனிச் செயலி வந்தது. 2023 அக்டோபரில், ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸ்அப் செயலிக்குள்ளேயே இரண்டு கணக்கு வைத்து மாறி மாறிப் பார்க்கலாம் என்று மார்க் சக்கர்பர்க் அறிவித்தார். அமைப்புகளுக்குப் போய், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டு, கணக்கைச் சேர்க்கச் சொன்னால் போதும். இரண்டாவது சிம்முக்கு ஆறு இலக்க எண் வரும், அதைப் போட்டால் கணக்கு தயார். ஒவ்வொரு கணக்குக்கும் டிபி, மணி ஓசை, யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் தனித்தனி.

தொழில் செய்கிறவர்களுக்கு என் யோசனை வாட்ஸ்அப் பிசினஸ்தான். பழைய எண்ணை வீட்டுக்கு வைத்துக்கொண்டு புது எண்ணில் அதைத் தொடங்கலாம். பழைய எண்தான் எல்லா வியாபாரிக்கும் தெரியும் என்றால் அதைத் தொழிலுக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் புது எண் வாங்கலாம். இரண்டாவது வழிதான் நல்லது என்பேன். வீட்டாருக்குப் புது எண் சொல்ல ஒரு மாலைப்பொழுது போதும், வியாபாரிகளுக்குச் சொல்ல ஒரு வருஷம் ஆகும். ஒரே எண்ணை வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் சேர்த்து ஓட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தொழில் செயலியில் கொலுசு டிசைனையும் லுங்கி ரகத்தையும் விலையோடு கேட்டலாக்காக அடுக்கலாம். பணம் வர வேண்டியவர், சரக்கு போக வேண்டியவர் என்று பெயர்களுக்கு லேபிள் ஒட்டலாம். வேலை நேரத்துக்குப் பின் வருகிறவர்களுக்கு, காலையில் பதில் தருகிறோம் என்று தானாகவே சொல்லும்படி வைக்கலாம்.

ஜிபி வாட்ஸ்அப் என்ற பெயரிலும் வேறு பெயர்களிலும் சில போலிச் செயலிகள் சுற்றுகின்றன. அவை வாட்ஸ்அப் நிறுவனம் செய்தவை அல்ல. ப்ளே ஸ்டோருக்கு வெளியே யாரோ அனுப்பிய லிங்க்கில் இருந்து இறக்கிப் போடுகிறார்கள். அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கையே முடக்கிவிடுவோம் என்று வாட்ஸ்அப் எச்சரிக்கிறது. வண்டி வாடகையும் வங்கி விவரமும் போகிற போனில் ஊர் பேர் தெரியாதவன் செய்த செயலியைப் போடாதீர்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். பெண்கள்.

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இளம்பிள்ளை சேலைக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து சேலைப் படம் வாங்கித் தன் போனில் போட்டு, ஆர்டர் எடுத்து, கொரியரில் அனுப்பி வைக்கிற பெண்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். கடை வேண்டாம், முதல் வேண்டாம், சமையலை முடித்துவிட்டுச் செய்யலாம். கணவன் சம்பாத்தியம் பத்தாத வீட்டில் பிள்ளை ஸ்கூல் பீஸை இந்தச் சேலைதான் கட்டுகிறது. அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் அப்படித் தொடங்கினாள். ஒரு மாசம் ஓடியது. ஒரு நாள் என்னிடம் வந்து, "ஏனுங்க மாமா, சேலை விக்கலாமுன்னு நம்பர் குடுத்தா ராத்திரி பதினோரு மணிக்கு ஹாய்னு வருதுங்க. போட்டோ அழகா இருக்குன்னு எழுதறானுங்க. வீட்டுல தெரிஞ்சா நிறுத்திடச் சொல்லுவாங்க" என்று நின்றாள். அவள் கண்ணில் இருந்த பயம் அந்தக் கயவனைப் பற்றியது அல்ல, கையில் வந்த வருமானம் போய்விடுமே என்பதுதான். நம் சமூகம் பெண்களை வைத்திருக்கிற லட்சணம் அது. தப்புச் செய்தவன் எங்கோ நிம்மதியாக இருக்கிறான், இங்கே ஒருத்தி தொழிலை மூட வேண்டுமோ என்று தவிக்கிறாள்.

"அம்மிணி, தொழிலை விடாதே. நம்பரைப் பிரி" என்றேன். அவள் பெயரிலேயே இன்னொரு சிம் எடுத்தாள். பிசினஸ் கணக்குக்கு டிபியாக ஒரு சேலைப் படம். சொந்தப் பெயருக்குப் பதில் கடைப் பெயர். முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும், ஏனென்றால் அந்த விவரத்தை அறிமுகமில்லாதவரும் பார்க்கலாம். இரவு எட்டரைக்கு மேல் தானியங்கிப் பதில். பழைய எண்ணில் டிபியைத் தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி வைத்தாள். யாரும் இஷ்டத்துக்குக் குரூப்பில் சேர்க்க முடியாதபடியும் செய்துகொண்டாள். அந்த வசதி 2019-லிருந்தே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், நடந்ததைக் கணவனிடமும் மாமியாரிடமும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். நிறுத்து என்று அவர்கள் சொல்லவில்லை. மாமியார்தான் இப்போது பார்சல் மடித்துக் கொடுக்கிறார். தொந்தரவு பண்ணுகிறவனை பிளாக் செய்வதும், மீறினால் படம் பிடித்து வைத்துக்கொண்டு போலீசுக்குப் போவதும் அவள் உரிமை. 1930 என்பது சைபர் பண மோசடிக்கான உதவி எண். ஆபாசமாகத் தொல்லை கொடுப்பவர்கள் மேல் புகார் செய்ய மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளமும் உண்டு. வீட்டில் இருக்கிற ஆண்கள் இதைத் தெரிந்துகொண்டு துணை நிற்க வேண்டும். தொழிலை நிறுத்து என்று சொல்வது துணை ஆகாது.

நேரத்தைப் பற்றியும் கறாராகவே சொல்கிறேன். இரண்டு கணக்கு வைத்து இரண்டையும் இரவு பன்னிரண்டு மணி வரை நோண்டுகிறவருக்கு அந்த இரண்டாவது கணக்கால் ஒரு பயனும் இல்லை. தொழில் கணக்கின் மணி ஓசையை ஒரு நேரத்துக்கு மேல் நிறுத்த வேண்டும். எங்கள் தொழிலில் இது நடக்காது என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். எரிவாயு டேங்கர் ஓட்டுகிறவன் நடுராத்திரியில் ரோட்டில் நிற்கிறான், முதலாளி தூங்கலாமா? கூடாது. அதற்குத்தான் அழைப்பு இருக்கிறது. டிரைவர்களிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்: வண்டிக்கு, உயிருக்கு, சரக்குக்கு ஆபத்து என்றால் எந்த நேரமும் போன் அடி, எடுப்பேன், ரசீதுப் படம், பேட்டா கணக்கு, நாளைய லோடு விசாரணை என்றால் மெசேஜ் போடு, காலையில் பார்ப்பேன். இந்த ஒரு ஏற்பாட்டை மூன்று நாள் கடைப்பிடித்தால் டிரைவர்கள் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. முதலாளி ராத்திரி முழுக்க மெசேஜ் போட்டால் ஓட்டிக்கொண்டே அதைப் படிக்கிறவன் டிரைவர்தான். அந்தப் பாவம் முதலாளியைத்தான் சேரும்.

பண்ணைக்காரர்களுக்கும் அதேதான். கோடையில் கோழி சாகிற இரவு வேறு. மற்ற இரவுகளில் மறுநாள் விலையைப் பற்றிய ஆரூடங்களை ஒரு மணி வரை படித்துக்கொண்டிருப்பதால் முட்டை விலை ஏறப்போவதில்லை.

கடைக் கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்குக் கணக்கெழுதாமல் எடுக்கிற வியாபாரி கடைசியில் கடையையும் இழப்பார், வீட்டையும் இழப்பார். நேரமும் அப்படித்தான் போகும். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து லோடு பேசுகிறவர் அந்த நேரத்தைக் குடும்பத்திடமிருந்து எழுதாமல் எடுக்கிறார். பிள்ளைகள் ஒன்றும் கேட்பதில்லை என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது.

இனி, மறைவாக வைக்கிற இரண்டாவது கணக்கு. பேசக் கூச்சமாக இருந்தாலும் பேசத்தான் வேண்டும். தொழிலுக்கென்று ஓர் எண் வாங்கி, அதை வீட்டுக்குச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் அதில் கடன் செயலிகளில் பணம் எடுக்கிறார்கள். சிலர் ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்கப் போகிறார்கள். சிலர் சீட்டுப் பணத்தை இங்கே வாங்கி அங்கே சுழற்றுகிறார்கள். சிலர் குடும்பத்துக்குத் துரோகமான உறவு வைத்திருக்கிறார்கள். உரையாடலைப் பூட்டி ஒளிக்கும் வசதியையும் 2023-ல் வாட்ஸ்அப்பே கொடுத்துவிட்டது. பூட்டுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ரகசியம், மருத்துவ ரகசியம், கூடப் பிறந்தவள் மனம்விட்டுச் சொன்ன துக்கம் இவற்றையெல்லாம் பூட்டத்தான் வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவர் போனை ஒருவர் நோண்டிப் பார்க்க வேண்டும் என்பதும் என் கட்சி அல்ல. ஆனால் இப்படி ஓர் எண் இருக்கிறது என்பதே வீட்டுக்குத் தெரியாது என்றால் அது ரகசியம் அல்ல, பொய். கடன் கொடுத்தவன் ஒரு நாள் நேராக வாசலுக்கு வருவான். அந்த எண்ணுக்குப் பதில் இல்லையென்றால் மனைவி எண்ணுக்கும் மகன் எண்ணுக்கும் அடிப்பான். போனில் இருக்கும் பெயர்களையெல்லாம் எடுத்து உறவுக்காரர்களுக்கு அவமானச் சேதி அனுப்புகிற கடன் செயலிக்காரர்களால் உயிரை விட்டவர்கள் உண்டு. அப்படிச் சிக்கிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், இன்று ராத்திரியே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அழுவார்கள், திட்டுவார்கள். பிறகு கூடவே நிற்பார்கள். நான் பார்த்த குடும்பங்கள் நின்றிருக்கின்றன.

சிம் விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது சிம் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். கடைப் பையன் பெயரில், பழைய டிரைவர் பெயரில், ஊரில் இல்லாத மாமன் பெயரில் சிம் வாங்கித் தொழில் நடத்துகிறவர்கள் இங்கே ஏராளம். அந்தப் பையன் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போய், சிம் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து வேறு சிம் வாங்கிவிட்டால் உங்கள் தொழில் எண் அவன் கையில். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பிறகு ஏன் அடுத்தவர் பெயர்? 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்கள் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாமல் யாராவது எடுத்திருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம்.

வாட்ஸ்அப்புக்கு ஒருமுறை எண் பதிந்தால் போதும் என்று சிம்மைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். ரீசார்ஜும் செய்வதில்லை. பயன்படாத எண்ணை நிறுவனம் துண்டிக்கும். துண்டித்த எண்ணை 90 நாளுக்குப் பின் வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்ட விஷயம். புதிதாக அந்த எண்ணை வாங்கியவர் வாட்ஸ்அப் திறந்தால் உங்கள் பழைய பேச்சு அவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வியாபாரிகள் இனிமேல் அனுப்புகிற பில்லும் பணம் பற்றிய பேச்சும் அவருக்குத்தான் போகும். 2025 நவம்பர் இறுதியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிந்த சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணை வைத்து மோசடி செய்கிறவர்களைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழில் எண்ணின் சிம் உங்கள் போனிலேயே, உயிரோடு, உங்கள் பெயரில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

பூட்டு இரண்டு கணக்குக்கும் வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு என்ற பெயரில் ஆறு இலக்க ரகசிய எண் வைக்கலாம். வீட்டுக் கணக்குக்கு வைத்துவிட்டுத் தொழில் கணக்கை மறந்துவிடுகிறார்கள். திருடன் வருவது தொழில் கணக்குக்குத்தான். பதிவுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை எப்படியாவது பேசி வாங்கிவிட்டால் கணக்கு அவன் போனுக்குப் போய்விடும். உங்கள் பெயரில், உங்கள் டிபியோடு, உங்கள் வியாபாரிகளிடம் அவன் பணம் கேட்பான். நாமக்கல்லில் வாய்ச்சொல்லை நம்பி லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை இந்த மண்ணின் சொத்து. அது திருட்டுப் போகக் கூடாது. அப்படி நடந்துவிட்டால் தாமதம் செய்யாமல் 1930-ஐக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் கணக்குப்பிள்ளை போனிலும் தொழில் கணக்கை இணைத்துக் கொடுத்திருப்பீர்கள். நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். ஓர் ஆள் வேலையை விட்டுப் போகும்போது சாவியைத் திருப்பி வாங்குகிறோமே, அன்றைக்கே அவர் கருவியின் இணைப்பையும் நீக்கிவிட வேண்டும்.

எங்களோடு தொழிலில் இருந்த ஒருவர் திடீரென்று காலமானார். நேர்மையான மனிதர். இரண்டு எண் வைத்திருந்தார். இரண்டும் வீட்டுக்குத் தெரியும். ஆனால் போனைத் திறக்கும் எண்ணும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதும் அவர் தலைக்குள் மட்டும் இருந்தன. கொடுக்க வேண்டியவர்களில் நல்லவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது தாங்களாகவே சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லவில்லை. வர வேண்டிய வாடகைப் பாக்கியில் எவ்வளவு போயிற்று என்று அவர் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. லெட்ஜர் இருந்த காலத்தில் ஆள் போனாலும் ஏடு இருந்தது. இப்போது ஏடும் ஆளோடு பூட்டிக்கொள்கிறது.

லாரி, பண்ணை, ரிக், தறி, கொலுசு, சேலை எந்தத் தொழிலானாலும் சரி, இதைப் படிக்கிற எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் இரண்டு எண்கள், அவை யார் பெயரில் இருக்கின்றன, போன் திறக்கும் எண், இரண்டு கணக்கின் ரகசிய எண், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பத்திரங்கள் வைக்கிற பீரோவில் அதை வையுங்கள். வைத்த இடத்தை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ, வளர்ந்த பிள்ளையிடமோ சொல்லுங்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துத் திருத்தி வையுங்கள்.